வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால்: ஆளைத் தேடுமுன் எண்ண வேண்டிய மணித்தியாலங்கள்

வைத்தியசாலையில் இரண்டு கிழமை கிடந்த அம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட், ஒரு பை மருந்து, அடுத்த கிளினிக் திகதி. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூக்கில் டியூப், சிறுநீருக்குக் கதீட்டர். "இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ" என்கிறார் வார்ட் டாக்டர். எப்படிப் பார்ப்பது என்று விளக்க அங்கே எவருக்கும் நேரமில்லை, அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். அன்று பின்னேரமே பிள்ளைகள் வட்ஸ்அப்பில் போடுகிறார்கள்: "அம்மாவைப் பார்க்க ஒரு நல்ல ஆள் இருந்தா சொல்லுங்கோ."

அந்தச் செய்தியைப் போடுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கொழும்பில் வீட்டுப் பராமரிப்பு ஏற்பாடுகள் குழம்பிப் போவதற்கு வந்த ஆள் கூடாதவர் என்பது அபூர்வமாகவே காரணம். என்ன வேலை, எந்த நேரத்தில், யாருடைய கை என்று பிரித்துப் பார்க்காமல் ஆளை எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

## ஏன் இப்போது இவ்வளவு தட்டுப்பாடு?

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் 12.6 சதவீதம். பன்னிரண்டு வருடத்துக்கு இது பெரிய பாய்ச்சல். இன்னொரு பக்கம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிள்ளைகளும் வெளிநாடு போனார்கள், தாதியரும் போனார்கள். முதியோர் பராமரிப்பை முறையாகப் படித்தவர்களை இஸ்ரேலும் ஜப்பானும் கூப்பிடுகின்றன. வெள்ளவத்தை வீடொன்று கொடுக்கும் சம்பளம் டெல் அவிவோடு போட்டி போட முடியாது. ஆகவே நமக்குக் கிடைப்பவர்களில் பலர் வேலையை வேலையிலேயே பழகியவர்கள். அதில் தவறில்லை, ஆனால் அது தெரிந்திருக்க வேண்டும்.

## "நேர்ஸ்" என்ற ஒரே சொல், நாலு விதமான ஆட்கள்

விளம்பரங்களிலும் பேச்சிலும் எல்லோரும் "நேர்ஸ்". உண்மையில் வருபவர்கள் இப்படிப் பிரிவார்கள்.

1. பதிவுபெற்ற தாதி. மூன்று வருட தாதியர் பயிற்சியோ நாலு வருடப் பட்டமோ முடித்து, இலங்கைத் தாதியர் சபையில் பதிந்தவர். டியூப் மாற்றுவது, கதீட்டர் போடுவது, ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுவது இவருடைய வேலை. பதிவு இலக்கம் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலையொன்றின் சீருடை போட்டிருந்ததெல்லாம் பதிவுக்கு அத்தாட்சி ஆகாது.

2. சான்றிதழ் உள்ள கெயார்கிவர். தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. பெற்றவர். கழுவித் துடைப்பது, புரட்டுவது, டியூப்பில் சாப்பாடு கொடுப்பது, நடக்கப் பிடிப்பது ஆகியவற்றை முறைப்படி பழகியவர்.

3. அட்டென்டன்ட். ஏஜென்சி அனுப்பும் பெரும்பாலானோர் இவர்கள்தான். சிலர் ஒரு கிழமைப் பயிற்சியோடு வருவார்கள். சிலருக்குப் பதினைந்து வருட அனுபவம் இருக்கும், சான்றிதழ் மட்டும் இருக்காது. அப்படி அனுபவம் உள்ளவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

4. வீட்டு வேலைக்கு உதவுபவர். சமையல், துப்புரவு, உடுப்புத் தோய்ப்பு. இவரிடம் "அம்மாவையும் கொஞ்சம் பாருங்கோ" என்பது கொழும்பில் மிகவும் பழைய ஏற்பாடு. ஆள் தானாக நடக்கும்வரை சரி. படுக்கையில் விழுந்த பிறகு சரிவராது.

இன்னொரு சொல்லும் குழப்பத்தைத் தருகிறது. நோய்த்தணிப்புப் பராமரிப்பு, அதாவது பலியேடிவ் கெயார் என்று டாக்டர் சொன்னவுடன் "கைவிட்டுட்டாங்கள்" என்று வீட்டில் அழுகை தொடங்கும். நோவு, மூச்சுத் திணறல், குமட்டல், பயம், குடும்பத்தின் தவிப்பு ஆகியவற்றைத் தணிக்கும் மருத்துவம் அது. நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில், தேவைப்படுபவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கே இது கிடைக்கிறது. ஹொஸ்பிஸ் என்பது அதன் கடைசிப் பகுதி: குணமாக்கும் சிகிச்சையை நிறுத்திய பின், மிஞ்சிய நாட்களை நோவில்லாமல் கழிக்கும் இடம். மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன அப்படியொன்று.

## 168இல் இருந்து கழித்துப் பாருங்கள்

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் வேலைகள். சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1963இல் வகுத்த ஆறு கேள்விகளை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "தானாக", "கை கொடுத்தால்", "முழுக்க நாம்தான்" என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

1. குளிப்பது
2. உடுப்பு மாற்றுவது
3. கழிப்பறைக்குப் போய் வருவது
4. கட்டிலில் இருந்து கதிரைக்கு மாறுவது
5. மலசலத்தை அடக்க முடிவது
6. சாப்பிடுவது

நாலாவது வரியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அறுபத்தைந்து கிலோ உள்ள ஒருவரைக் கட்டிலில் இருந்து தூக்க ஒருவரால் முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை எடுத்தாலும், ஒருவரை மட்டும் எடுத்தால் ஏற்பாடு முதல் நாளே உடைந்துவிடும். ஒன்றில் வீட்டில் இன்னொருவர் அந்த நேரத்துக்கு நிற்க வேண்டும், அல்லது தூக்கும் முறையை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து காட்டித்தர வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டு மூன்றாம் நாள் ஓடிப்போன அட்டென்டன்ட்மாரைப் பற்றி முறைப்படுபவர்கள், அவர் எத்தனை தரம் தனியாகத் தூக்கினார் என்று எண்ணுவதில்லை.

இனி நேரங்கள். பகல் ஆள் ஒருவர் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, கிழமைக்கு ஆறு நாள்: 72 மணித்தியாலம். மிச்சம் 96. அந்த 96ஐ யார் பார்ப்பது? பெரும்பாலும் கல்யாணமாகாத அல்லது கூடவே இருக்கும் மகள், இல்லாவிட்டால் மருமகள். காலையில் அவர் கந்தோருக்கும் போக வேண்டும். தாளில் எழுதிப் பார்க்கும்வரை இது குடும்பத்தில் எவருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் "காசு அனுப்புறன், நல்ல ஆளாப் பாருங்கோ" என்பார். அவர் அனுப்பும் காசு 72ஐ வாங்கும்.

## இரவு

"24 மணித்தியாலமும் ஆள் தருவோம்" என்கிறார்கள். அப்படியொரு மனிதர் இல்லை. கூடத் தங்கும் ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். அவரும் நித்திரை கொள்வார், கொள்ள வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, காலை ஆறு. ஐந்து தரம். ஒவ்வொரு தடவையும் விளக்குப் போட்டு, ஈரமா என்று பார்த்து, பாம்பர்ஸ் மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்துப் படுக்க வைக்க இருபது நிமிடம் போகும். இதைச் செய்த ஒருவர் மறுநாள் பகல் முழுக்க விழிப்போடு வேலை செய்வார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். என்ன நடக்கும்? அவர் நாலு மணிக்கு எழும்ப மாட்டார். பிறகு இரண்டு மணிக்கும் எழும்ப மாட்டார். மூன்றாவது கிழமை, குளிக்க வார்க்கும்போது இடுப்பெலும்புக்குக் கீழே சதம் அளவில் ஒரு தடம் தெரியும்.

படுக்கைப் புண்ணின் தொடக்கத்தைப் பற்றிய குறிப்புகளில் "சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது" என்றுதான் எழுதியிருப்பார்கள். நம்முடைய நிறத்தில் சிவப்புத் தெரியாது. சுற்றிய தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, தொட்டால் இறுகியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகின் அடி, இடுப்பின் இரண்டு பக்கம், குதிக்கால், முழங்கை, பின்தலை. இதை வரும் ஆளுக்கும் காட்டிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்களும் பாருங்கள்.

இரவுக்கு மூன்று வழிதான் உண்டு.

1. இரண்டு ஆட்கள், பகலுக்கும் இரவுக்கும் வேறு வேறாக. காசு கூட.
2. ஒரு ஆள், இரவு இரண்டு தரம் குடும்பத்தில் ஒருவர் எழும்புவது. முறை வைத்துக்கொண்டு, பெயர் எழுதி ஒட்டினால் மட்டுமே நடக்கும்.
3. காற்றுமெத்தை வாங்கி, புரட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று தாதியிடமோ டாக்டரிடமோ கேட்பது. மெத்தை புரட்டும் வேலையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

நான் கேட்டால் இரண்டாவதில் தொடங்கச் சொல்வேன், ஏனெனில் ஒரு மாதத்திலேயே குடும்பத்துக்கு இந்த வேலையின் கனம் தெரிந்துவிடும். ஆனால் வயதான அப்பா மட்டும் வீட்டில் இருந்தால் இது சரிவராது. முதலாவதுக்குத்தான் போக வேண்டும்.

## நோவைச் சொல்லும் மொழி

கொழும்பில் தமிழ் வீடுகளுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல், எந்த விளம்பரத்திலும் இருக்காது. வரும் ஆளுக்குத் தமிழ் தெரியுமா?

"அம்மாவுக்குத்தான் சிங்களம் தெரியுமே, நாற்பது வருசம் கொழும்பில் இருந்தவ" என்பார்கள். சந்தையில் பேசிய சிங்களம் அது. ஞாபகமறதி நோய் முற்றும்போது பிறகு படித்த மொழி பெரும்பாலும் முதலில் போகும், பிள்ளையில் பேசியது கூடுதல் காலம் நிற்கும். இரவில் ஒரு கிழவி "ஒண்டுக்கு வருது" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வந்த பிள்ளைக்கு விளங்கவில்லை, தண்ணீர் கொடுக்கிறார். விடிய, "இரவு முழுக்க ஒரே கரைச்சல்" என்று குறிப்புக் கொப்பியில் எழுதுகிறார். அதைப் பார்த்து டாக்டர் நித்திரைக்கு மருந்து எழுதுகிறார்.

நோவுக்கும் இதே கதை. குத்துது, எரியுது, உளையுது, விறைக்குது, இழுக்குது, அந்தரமாக் கிடக்கு. தமிழில் ஒவ்வொன்றும் வேறு. எரிவும் விறைப்பும் நரம்பு நோவாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. "அந்தரம்" மூச்சு முட்டுவதாக இருக்கலாம், வயிறு இறுகியதாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். இடையில் நிற்பவர் எல்லாவற்றையும் சிங்களத்தில் "ரிதெனவா" (நோகுது) என்று ஒரே சொல்லில் மாற்றினால், டாக்டருக்குப் போய்ச் சேர்வது பாதிதான்.

அதற்காகச் சிங்கள ஆட்களை எடுக்காதீர்கள் என்பதில்லை. இந்த வேலையில் மிகப் பொறுமையான பலர் அவர்கள்தான். பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தமிழிலும் சிங்கள எழுத்திலும் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். ஒண்டுக்கு, ரெண்டுக்கு, விடாய் (தாகம்), குளிருது, எரியுது, மூச்சு, பயம். ஒரு மணித்தியால வேலை. மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மொழி பிரச்சினையில்லை, ஆனால் யாழ்ப்பாணத்துக் கிழவியின் "விடாய்" ஹற்றன் பிள்ளைக்குப் புதிய சொல்லாக இருக்கலாம். அந்தப் பட்டியல் அங்கேயும் உதவும்.

## ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

விலையை முதலில் கேட்காதீர்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இவை.

1. வியாபாரப் பதிவு மட்டுமா, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிவும் உண்டா? தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தாதியர் சேவை தருவதாக விளம்பரம் செய்பவரிடம் இதைக் கேட்பது உங்கள் உரிமை.
2. முதலாளி யார், ஏஜென்சியா நாங்களா? ஏஜென்சிதான் என்றால் சேமலாப நிதியும் காயப்பட்டால் பொறுப்பும் அவர்களுடையது. வீட்டுக்காரர் நேரடியாக எடுக்கும் வீட்டு வேலையாளுக்கு 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தாது.
3. நாங்கள் கொடுக்கும் தொகையில் அவருடைய கைக்கு எவ்வளவு போகிறது? பதில் சொல்லத் தயங்கினால் அந்த ஆள் நிலைக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.
4. அவர் வராத நாளில் யார் வருவார், எத்தனை மணித்தியாலத்துக்குள்? சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, வெசாக். ஏப்ரல் நடுவில் கொழும்பே காலியாகும். அந்தக் கிழமைக்கான ஏற்பாட்டை மார்ச்சிலேயே எழுத்தில் வாங்குங்கள்.
5. கடைசியாக எந்த வீட்டில் வேலை செய்தார், அவர்களோடு பேசலாமா?
6. ஆள் பிடிக்காவிட்டால் அட்வான்ஸ் என்னாகும்?

அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இரண்டையும் வாங்கி வையுங்கள். போர்க்காலத்தில் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிசுக்குப் படிவம் நிரப்பிப் பழகிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

## அவருக்கும் ஒரு வீடு வேண்டும்

கூடத் தங்குபவருக்கு எங்கே படுக்கை? நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் போடுவதுதான் வழக்கம். இரவில் கூப்பிட்டால் கேட்கும் என்பது நியாயம்தான். ஆனால் பகலில் இரண்டு மணித்தியாலம் கதவைச் சாத்திப் படுக்க வேறொரு மூலை இல்லாவிட்டால் அவர் மூன்று மாதம் தாங்க மாட்டார். கிழமைக்கு ஒரு முழு நாள் விடுமுறை, சம்பளத் திகதி, போன் பேசும் நேரம் மூன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

சாப்பாடு இன்னும் நுணுக்கமானது. மரக்கறி மட்டும் சமைக்கும் வீட்டில், மீன் இல்லாமல் சோறு இறங்காத ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசியுங்கள். அவருக்கென்று தனிக் கோப்பையும் தனித் தட்டும் வைக்கும் வீடுகள் கொழும்பு 6இல் இன்னும் இருக்கின்றன. அம்மாவின் மலத்தைக் கழுவும் கை தொட்ட கோப்பையில் என்ன தீட்டு என்று அந்த வீட்டாரிடம் எவரும் கேட்டதில்லை போலும்.

கமரா வைக்கலாமா என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். வைக்கலாம், அவருக்குச் சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றும் பக்கம் படாமல். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கும்போது முடிவெடுக்க வேண்டியவர் கமராவில் பார்ப்பவர் கிடையாது. கோடைக்காலத்தில் அப்போது ரொறன்ரோவில் மாலை நாலரை, அண்ணன் முழு விழிப்போடு ஆலோசனை சொல்வார். இறுதிச் சொல் வீட்டில் நிற்கும் ஒருவருடையது என்று குடும்பம் முன்னரே பேசி வைத்திருந்தால், அந்த இரவில் அம்மாவோடு நிற்கும் அக்காவுக்கு ஒரு பாரம் குறையும்.

## குணமாகாத நோய் என்றால் கணக்கு மாறும்

பாரிசவாதம், ஞாபகமறதி போன்றவற்றில் பராமரிப்பு வருடக்கணக்கில் போகும், தேவை மெல்ல ஏறும். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் கிழமைக்குக் கிழமை மாறும். ஆறு மாத ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். பகல் ஆளோடு தொடங்கி, இரண்டு நாள் முன்னறிவிப்பில் இரவு ஆளையும் தரக்கூடிய இடத்தைத் தேடுங்கள்.

இந்த நோயாளிகளுக்கு ஆளைவிட முக்கியம், போன் எடுக்கக்கூடிய ஒரு டாக்டர். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறு அரச வைத்தியசாலையிலோ பார்த்த பிரிவிடம் துண்டு வெட்டும் நாளிலேயே கேளுங்கள்: நோவு கூடினால் யாரைக் கூப்பிடுவது, வீட்டுக்கு வரக்கூடிய குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?

மோர்பினைப் பற்றிச் சில விசயங்கள், வீட்டில் மருந்து கொடுப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை:

1. சாதாரண மோர்பின் ஏறக்குறைய நாலு மணித்தியாலம் வேலை செய்யும். நோவு வந்த பிறகு கொடுப்பதைவிட நேரத்துக்குக் கொடுப்பதே முறை.
2. மெல்லக் கரையும் வகை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு. அதை இடித்து டியூப்பில் விடக்கூடாது, முழு அளவும் ஒரேயடியாக இறங்கிவிடும். வீட்டில் நடக்கும் மிக ஆபத்தான பிழைகளில் இது ஒன்று.
3. மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். மலமிளக்கி எழுதாமல் மோர்பின் மட்டும் எழுதியிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள்.
4. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தூங்குவார். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுபவர்கள் பலர். எழுப்பினால் எழும்பிப் பேசுகிறாரா என்று பாருங்கள். எழும்பாவிட்டாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ, கை கால் துடித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும்.
5. பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் நோவோடு கிடக்க விடாதீர்கள். சொன்ன அளவில், நோவுக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடம் மிகக் குறைவு.

அடுத்தது சாப்பாடு. கடைசி நாட்களில் பசி போய்விடும், உடம்புக்கு அது தேவைப்படாது. நமக்கோ ஒருவரைப் பட்டினி போட்டோம் என்ற பேச்சைத் தாங்க முடியாது. அதனால் வாயைத் திறந்து கஞ்சி ஊட்டுவார்கள், அது மூச்சுக்குழலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் பிடிக்கும். இல்லாவிட்டால் "சேலைன் ஏத்துங்கோ" என்று நிற்பார்கள், உடம்பு அதை ஏற்காமல் காலிலும் நெஞ்சிலும் நீர் கோக்கும். பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுவது அப்போது போதும். பெரியம்மா வந்து கேட்டால் இதை டாக்டரே சொல்லும்படி செய்யுங்கள்.

## கட்டடமும் கரண்டும்

காலி வீதியோரத் தொடர்மாடிகளில் லிப்ட் இருக்கும், ஸ்ட்ரெச்சர் அதற்குள் போகாது. வீட்டுக்குக் கொண்டுவருமுன் அளந்து பாருங்கள். போகாவிட்டால் சக்கர நாற்காலியில் இருத்தித்தான் ஏற்ற வேண்டும், இருக்க முடியாதவர் என்றால் படியில் தூக்க நாலு பேர். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், வரும். ஆனால் நாலாம் மாடி என்பதைப் போனிலேயே சொல்லுங்கள்.

ஒக்சிஜன் கொன்சென்ட்ரேட்டர், காற்றுமெத்தை, சளி உறிஞ்சும் மெசின் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. ஒக்சிஜனில் இருப்பவர் வீட்டில் ஒரு சிலிண்டர் நிற்க வேண்டும், அதைத் திறக்க வந்த ஆளுக்கும் தெரிய வேண்டும். ஜெனரேட்டர் உள்ள மாடிகளில் அது வீட்டுக்குள்ளும் வருகிறதா, லிப்டுக்கும் நடைபாதைக்கும் மட்டுமா என்று கேளுங்கள்.

## காசும் கடதாசியும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, பார்ப்பது பிள்ளைகளின் கடமை. தன்னைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபையில் பிள்ளையிடம் செலவு கேட்கலாம். நம்மவர்களில் அங்கே போகிறவர்கள் குறைவு, ஆனால் செலவைப் பங்கிடும் பேச்சில் இப்படியொரு சட்டம் இருக்கிறது என்று சொன்னாலே சில தம்பிமாருக்குக் காது திறக்கும். 60 வயதானவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் எடுத்து வையுங்கள். வருமானம் குறைந்த 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாவாகியது. பாம்பர்ஸ் செலவில் ஒரு பகுதிக்காவது உதவும்.

இதைவிட அவசரமானது வங்கி. ஞாபகமறதி நோய் என்று தெரிந்த கிழமையே அம்மாவின் கணக்கை இருவர் பெயருக்கு மாற்றுவதைப் பேசுங்கள். தன் சார்பில் இன்னொருவர் செயற்பட அட்டோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்தாலும், எழுதியவருக்குப் புத்தித் தெளிவு முற்றாகப் போன பின் அதை நம்பியிருக்க முடியாது. பிறகு மாவட்ட நீதிமன்றம்தான் வழி. மருதானையில் உள்ள லங்கா அல்சைமர்ஸ் அமைப்பு இந்த நோயுள்ளவர்களின் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

## வீட்டிலேயே போய்விட்டால்

இதைப் பேசுவது அபசகுனம் என்று விட்டுவிடுவார்கள், அன்று காலை ஆறு மணிக்குத்தான் ஓடித்திரிவார்கள். வீட்டில் நடந்த மரணத்துக்கு, கடைசியாகப் பார்த்துவந்த டாக்டரின் மரணக் காரணச் சான்று வேண்டும். பல மாதமாக எந்த டாக்டரும் பார்க்கவில்லை என்றால், அன்று கூப்பிடும் டாக்டர் கையெழுத்து வைக்கத் தயங்குவார், விசயம் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகும். பிறகு பிரேத பரிசோதனையும் வரலாம், மலர்ச்சாலைக்கு அனுப்புவதும் பிந்தும். மாதம் ஒருமுறையாவது குடும்ப டாக்டரை வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் நாலையும் ஒரு ஃபைலில் போட்டு, அது எங்கே இருக்கிறதென்று பார்க்க வரும் ஆளுக்கும் சொல்லி வையுங்கள். பதிவை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

மிஞ்சிய மோர்பினை எண்ணி, எழுதி, எடுத்த வைத்தியசாலைக்கே திருப்பிக் கொடுங்கள். அலுமாரியில் விட்டால் ஒரு நாள் யாராவது தலையிடிக்கு எடுப்பார்கள்.

அன்று வீடு நிறையச் சனம் வந்திருக்கும்போது, ஒன்றரை வருடம் அம்மாவோடு படுத்தெழும்பிய அந்தப் பெண் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவருடைய வேலை அந்தக் காலையோடு முடிந்துவிட்டது, அன்றிரவு எங்கே படுப்பது என்று அவருக்குத் தெரியாது. மாதச் சம்பளத்தை முழுதாகக் கணக்குப் பார்த்து, எட்டாம் நாள் செலவு முடியும்வரை நில்லுங்கோ என்று யாராவது ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் முதல் நாள் தாளிலேயே எழுதலாம்.